முழங்கால் கடலும் பன்னிரண்டு அடிக் கம்பும்

தூண்டில் கம்பின் நீளம் என்பது அடிக்கட்டையின் முனையிலிருந்து நுனி வளையம் வரை அளக்கப்படுவது. கை பிடிக்கும் இடம், ரீல் உட்காரும் இடம், நரம்பு ஓடும் வளையங்கள், வாங்கிய வாரத்திலேயே கதவிடுக்கில் மாட்டி ஒடியும் நுனி எல்லாம் இதில் அடக்கம். கடையில் அடி, அங்குலத்தில் சொல்வார்கள். இணையத்தில் விற்கும் மடக்குத் தூண்டிலுக்கு மீட்டரில் போட்டிருக்கும். 2.1 மீட்டர் என்றால் ஏறக்குறைய 7 அடி, 3.6 மீட்டர் என்றால் 12 அடி. 2.1-ஐவிட 7 பெரிது என்று நம்பி, ஒரே நீளத்தில் இரண்டு கம்பு வைத்திருப்பவர்கள் உண்டு.

உலகச் சந்தையில் கம்புகள் 2 அடியிலிருந்தே கிடைக்கின்றன. அந்தக் குட்டைக் கம்பு, உறைந்த ஏரியில் துளை போட்டு உட்காரும் குளிர்நாட்டுக்காரர்களுக்கு. புதுக்கோட்டைக் கடலோரத்து மீமிசல் வட்டாரத்தில் உறைந்த தண்ணீர் கிடைக்கும் இடம் ஐஸ் கம்பெனி; அங்கே இருக்கும் மீனை வேறு யாரோ ஏற்கனவே பிடித்துவிட்டார்கள். மறுகோடியில் கடற்கரையில் நின்று வீசும் 12 முதல் 14 அடிக் கம்புகள் இருக்கின்றன. பழங்காலம் இதையும் மிஞ்சியது. ஆங்கிலத் தூண்டில் நூலாசிரியர் ஐசக் வால்டனின் நண்பர் சார்லஸ் காட்டன் 1676-இல் எழுதியபோது, ஆற்றில் தூண்டில் போட ஐந்தாறு கெஜம் நீளமுள்ள கம்பைப் பரிந்துரைத்தார். 15 முதல் 18 அடி என்பது ஓட்டு வீட்டு உத்தரத்துக்கு மரம் பார்க்கும்போது சொல்லப்படும் அளவு.

இந்த இரண்டு கோடிக்கும் நடுவில் எது சரியான நீளம் என்று கேட்பவர்கள், எந்த மீனைப் பிடிக்கப் போகிறோம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மீனிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அதற்கு அக்கறை இல்லை. பிடிப்பவரின் கால் எங்கே இருக்கிறது, தலைக்கு மேல் என்ன தொங்குகிறது, முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்ற மூன்றும்தான் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. மூன்றையும் சோதித்துப் பார்க்க மீமிசல் வசதியான ஊர். புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்குக் கடலோரத்தில், ஆவுடையார்கோவில் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. வடக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், தெற்கே எஸ்.பி.பட்டினம், தொண்டி. மேற்கே போனால் கண்மாய்கள், கிழக்கே போனால் பாக் விரிகுடா, இடையில் உப்பளமும் இறால் பண்ணையும் அலையாத்தியும். சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்குள் நன்னீர், உவர்நீர், கடல்நீர் மூன்றும் இருப்பதால், மூன்று வகைத் தண்ணீரிலும் ஒன்றும் மாட்டாமல் ஒரே நாளில் வீடு திரும்பலாம்.

நீளத்தின் முதல் பயன் தூரம். வீசும்போது கை ஒரு முழம்தான் நகர்கிறது. நுனி பல கெஜம் நகர்கிறது. ஒரே வேகத்தில் சுழற்றினால் 12 அடிக் கம்பின் நுனி, 7 அடிக் கம்பின் நுனியைவிட 1.7 மடங்கு வேகமாகப் போகும். எறிந்த பொருள் விழும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அந்தக் கணக்குப்படி தூரம் ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும். 30 மீட்டர் வீசிக்கொண்டிருந்தவர் கம்பை மாற்றியதும் 90 மீட்டரை நெருங்க வேண்டும். நெருங்குவதில்லை. நீளக் கம்பு கனம், அதே வேகத்தில் சுழற்றத் தோள் சம்மதிக்காது. காற்று தன் பங்குக்கு நரம்பை இழுத்துப் பிடிக்கும். 200 மீட்டரைத் தாண்டி வீசும் வீரர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வீசுவது புல்வெளியில், வெறும் ஈயக்குண்டை, மீன் பிடிக்கும் எண்ணம் சிறிதும் இல்லாமல். தூரத்தை மட்டும் குறிக்கோளாக வைத்தவர்கள் தண்ணீரையே விட்டுவிட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது பயன், தொய்ந்து கிடக்கும் நரம்பைச் சட்டென்று இறுக்குவது. மீன் இரையைக் கவ்வியதும் கம்பைச் சுண்டினால், நீளக் கம்பு ஒரே வீச்சில் அதிக நரம்பைத் தூக்கும், முள் பதியும். தூரத்தில் கிடக்கும் தூண்டிலுக்கு இது தேவை.

இதற்கு விலை உண்டு. நீளக் கம்பு மீனுக்கும் ஒரு நெம்புகோல். நுனியில் ஒரு மீன் 3 கிலோ விசையோடு இழுத்தால், 7 அடிக் கம்பில் அடிக்கட்டையில் ஏறும் திருகு விசை 21 என்று வைத்துக்கொண்டால், 12 அடிக் கம்பில் அது 36. கம்பு வளைவதால் கணக்கு கொஞ்சம் இறங்கும் என்றாலும் மணிக்கட்டுக்கு அது ஆறுதல் தராது. பெரிய கம்பு வாங்கினால் பெரிய மீனை அடக்கலாம் என்ற நம்பிக்கை, இந்தப் பெருக்கல் கணக்கை மீன் போட்டுப் பார்த்ததில்லை என்பதால் மட்டும் உயிரோடு இருக்கிறது.

கரை என்று பொதுவாகச் சொன்னாலும் மீமிசல் வட்டாரத்தில் அது மூன்று. முதலாவது கண்மாய்க் கரை. இங்கே பையன்கள் பிடித்திருப்பது மூங்கில் கம்பு. ரீல் கிடையாது. நுனியில் கட்டிய நரம்பு, நரம்பில் மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு, கீழே முள், முள்ளில் மண்புழுவோ மைதா உருண்டையோ. இந்த வகைத் தூண்டிலுக்கு உலகம் முழுவதும் ஒரே விதி: நரம்பின் நீளம் கம்பின் நீளத்துக்குச் சமமாகவோ ஒரு சாண் குறைவாகவோ இருக்க வேண்டும். அப்போதுதான் கம்பை நிமிர்த்தியதும் மீன் ஊசலாடி நேரே கைக்கு வரும். ஜப்பானின் டென்காரா தூண்டிலும், சுமார் 12 அடிக் கம்பும் ரீல் இல்லாத நரம்புமாக, இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். விலை மட்டும் வேறு. நரம்பு அளவுக்கு மீறி நீண்டால் மீன் பிடித்தவரைத் தாண்டிப் பின்னால் நிற்கும் மாமாவின் கைக்குப் போகும். அதைத் திரும்பப் பெறுவது உறவு முறையைப் பொறுத்தது.

கண்மாய்க்கு 8 முதல் 10 அடி போதும். கரையோரக் கோரையையும் ஆகாயத்தாமரையையும் தாண்டி நுனி வெளித் தண்ணீருக்கு எட்ட வேண்டும் என்பது ஒன்றே நீளத்துக்கான நியாயம். ஜிலேபி மீன் பெரும்பாலும் கரையோரத்தில், காலடியிலேயே மேய்கிறது. அதை 12 அடிக் கம்பால் பிடிக்க நினைப்பவர் கரையிலிருந்து 12 அடி பின்வாங்கி, அடுத்தவர் வயலில் நின்று பிடிக்க வேண்டியிருக்கும். விராலுக்குக் கதை வேறு. அது பாசிக்குள் பதுங்கும். தவளையைக் கவ்வியதும் மறுபடியும் பாசிக்குள்ளேயே பாயும். அதை இழுத்து வெளியே எடுக்க நீளம் உதவாது, விறைப்பு உதவும். 7 அடி, அதிகம் போனால் 8 அடி, வளைய மறுக்கும் கம்பு.

தலைக்கு மேலே இருப்பது சீமைக் கருவேலம். புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்க் கரைகளை இந்த மரம் எப்படி வளைத்துப் பிடித்திருக்கிறது என்பதை அறிய ஆய்வறிக்கை படிக்க வேண்டியதில்லை. பின்னோக்கி ஒரு தடவை கம்பை ஓங்கினால் போதும். முள்ளில் முள் மாட்டும். அதை எடுக்க ஏறுபவருக்கு வேறு முட்கள் மாட்டும். கருவேலத்தடியில் நிற்பவருக்கு 6 அடிக் கம்பும் பக்கவாட்டு வீச்சும்தான் கதி.

முதுகுக்குப் பின்னால் இருப்பவர்கள் இரண்டு வகை. வேடிக்கை பார்ப்பவர்கள் முதல் வகை. "என்ன மாப்ள, கம்பு பெருசா இருக்கு, மீனக் காணோம்?" என்று கேட்பது இவர்கள் கடமை. நீளக் கம்பு வைத்திருப்பவரிடம் இந்தக் கேள்வி அடிக்கடி கேட்கப்படும். குட்டைக் கம்புக்காரரை யாரும் கண்டுகொள்வதில்லை. அவர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஊருக்கு நட்டமில்லை. இரண்டாவது வகை, மீன்பாசி ஏலம் எடுத்த குத்தகைதாரரின் ஆள். கண்மாய் மீனுக்கு உரிமையாளர் உண்டு என்பதை நினைவூட்ட அவர் கரைமேல் வருவார். அவர் வருவது தெரிந்ததும் நாலு விநாடியில் சட்டைக்குள் போகும் அளவுக்குச் சுருங்குவது மடக்குத் தூண்டிலின் பெரும் நன்மை. எந்தக் கம்பெனியும் இதை அட்டைப்பெட்டியில் அச்சிடுவதில்லை.

கோடையில் தண்ணீர் வற்றியதும் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் பல. ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, பழைய சேலை, கொசுவலை, கூடை என்று கையில் கிடைத்ததோடு சனம் மொத்தமும் சேற்றில் இறங்கும். அன்றைக்கு மீனுக்கும் மனிதனுக்கும் இடையே இடைவெளியே இருக்காது. தூண்டில் கம்போடு வருபவருக்கு அங்கே நிற்க இடம் கிடைக்கலாம், மரியாதை கிடைக்காது.

இரண்டாவது கரை, உவர்நீர்க் கழி. மீமிசலுக்குப் பக்கத்து முத்துக்குடாவில் அலையாத்தி மரங்களுக்கு இடையே தண்ணீர் ஓடுகிறது. கொடுவாவுக்கும் மடவைக்கும் இப்படிப்பட்ட இடம் பிடிக்கும். மடவை தூண்டிலை மதிக்காது. பாசியையும் சேற்றுப் பொடியையும் மேய்ந்து வாழ்வது அது. முள்ளில் இறாலைக் கோர்த்து அதன் முன் நீட்டினாலும் திரும்பிப் பார்ப்பது அபூர்வம். கொடுவா வேட்டை மீன். வேர்களின் நிழலில் காத்திருந்து, ஓட்டத்தோடு வரும் இறாலையும் சிறு மீனையும் வாய் திறந்து உறிஞ்சும். அதற்கான தூண்டில் கிளைக்கு அடியில், வேருக்குப் பக்கத்தில், ஒரு தட்டு அகலத்தில் விழ வேண்டும். இங்கே தேவை தூரமில்லை, குறி. 6 முதல் 7 அடி வரைதான் குறி தப்பாது. மாட்டியதும் கொடுவா வேருக்குள் ஓடப் பார்க்கும். முதல் இரண்டு மூன்று நொடிகளில் நிறுத்தாவிட்டால் நரம்பு வேரோடு போய்விடும். மேலே சொன்ன நெம்புகோல் கணக்கு சோதிக்கப்படுவது இந்த நொடிகளில்தான். 10 அடிக் கம்பு வைத்திருப்பவர் அந்த நேரத்தில் கம்பின் அழகான வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பக்கத்து இறால் பண்ணை வரப்பும் கரைதான், தண்ணீரும் தண்ணீர்தான், அதற்குள் இருப்பது மீன் பிடிக்க உகந்த இரையும்தான். ஆனால் அங்கே காவலாளி இருக்கிறார். எந்த நீளக் கம்பும் சரிப்படாத ஒரே நீர்நிலை அது.

மூன்றாவது கரை கடற்கரை. பாடநூல்கள் கடற்கரைக்கு 10 முதல் 14 அடி வரை சொல்கின்றன. காரணம் தெளிவானது: கரையில் உடையும் அலைகளுக்கு அப்பால் ஆழத்தில் இரை விழ வேண்டும், நீளக் கம்பின் நுனி உயரத்தில் நிற்பதால் நரம்பு அலையில் அடிபடாமல் இருக்கும், நீண்ட அடிக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்து முழு உடம்பையும் திருப்பி வீசலாம். சென்னையிலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் இந்த விதி அப்படியே பொருந்தும். பாறைக் குவியல்மேல், தூண்டில் வளைவின்மேல் நின்று போடுபவருக்கும் பொருந்தும். கல்லிடுக்கில் நரம்பு உரசாமல் மீனைச் சுற்றி வளைத்துக் கொண்டுவர நீளம் வேண்டும்.

பாக் விரிகுடா இந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. அதன் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டருக்குள்தான். இலங்கை கிழக்கே குறுக்கே படுத்திருப்பதால் வங்கக் கடலின் பெரிய அலை இங்கே வந்து சேர்வதில்லை. ஓதம் ஏறி இறங்குவதும் ஒரு மீட்டருக்குள். மீமிசலை ஒட்டிய கரைகளில் சேறும் கடற்புல்லுமாக, கணுக்கால் தண்ணீர் மெல்ல முழங்கால் தண்ணீராகி, அதிலிருந்து மேலே ஏற மனமில்லாமல் வெகுதூரம் போகிறது. இந்தக் கரையில் நின்று 14 அடிக் கம்பால் முழு மூச்சோடு வீசினால் 80 மீட்டருக்கு அப்பால் ஈயக்குண்டு விழும். விழுந்த இடத்தில் ஒரு நண்டுக்காரர் முழங்கால் தண்ணீரில் வலையைத் தட்டிக்கொண்டு நிற்பார். வீசியவர் மன்னிப்புக் கேட்க அவ்வளவு தூரம் நடந்தே போகலாம்.

எனவே இந்தக் கரையில் நீளத்துக்குச் சமமான மாற்று ஒன்று இருக்கிறது: கால். வேட்டியை மடித்துக் கட்டி 50 மீட்டர் உள்ளே நடந்தவர், கையில் 8 அடிக் கம்பே இருந்தாலும், கரையில் செருப்போடு நிற்கும் 14 அடிக்காரரை மிஞ்சிவிடுகிறார். இதற்குத் திருக்கை ஒன்றே தடை. சேற்றில் படுத்திருக்கும் அதன் வாலில் முள் இருக்கிறது. காலைத் தூக்கி வைக்காமல் சேற்றை உரசியபடியே நகர்ந்தால் அது விலகிப்போகும். கிழங்கான், கெளுத்தி, ஓரா, சின்னப் பாறை இவையெல்லாம் இந்த ஆழமற்ற தண்ணீரில் கிடைக்கும் மீன்கள். எதற்கும் 9 அடிக்கு மேல் தேவையில்லை. நடக்க விரும்பாதவர்கள் 10 அடி வாங்கலாம். 14 அடி என்பது கார் மேல் கட்டிக்கொண்டு ஊருக்குள் வரும்போது தவிர வேறு எங்கும் பயன்படுவதாகத் தெரியவில்லை.

நனையவும் கூடாது, ஆழத்துக்கும் போக வேண்டும் என்ற சிக்கலை இலங்கையின் தென்கரையில், வெலிகம, கொக்கல பக்கம், வேறு வழியில் தீர்த்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டிப் பரவிய முறை அது: கடலுக்குள் ஒரு கம்பத்தை நட்டு, குறுக்குக் கட்டையில் ஏறி உட்கார்ந்து, கையில் சின்னத் தூண்டிலோடு காத்திருப்பது. நீளத்தைத் தூண்டிலிலிருந்து கழற்றி ஆசனத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அங்கே மீனைவிடச் சுற்றுலாப் பயணி நன்றாக மாட்டுவதால், கம்பத்தில் இருப்பவர்களில் பலர் இரை வைப்பதில்லை.

கடற்கரைக்குக் காற்றுக் கணக்கு ஒன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வாடை முகத்தில் அடிக்கும்போது நீளக் கம்பு காற்றைப் பிடித்துத் தள்ளாடும். வீசிய இரை பாதி வழியில் மனம் மாறும். அந்தப் பருவத்தில் ஓரடி குறைத்துக்கொள்வது நல்லது. ஆடியில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவதால் யார் வீசினாலும் தூரமாகவே விழும். அந்தப் பெருமையைக் கம்புக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு கடல்வாழ் உயிருக்கு மட்டும் கம்பின் நீளம் பரிந்துரைக்கப்படவில்லை. ஆவுளியா என்று இந்தக் கரையில் அழைக்கப்படும் கடற்பசு, புல் தின்பது, இரையைத் தொடாது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. தூண்டில்காரர் கடற்புல் மேட்டில் நங்கூரத்தை இழுக்காமல் இருந்தால் போதும், ஆவுளியா அவரைப் பொருட்படுத்தாது.

கரையிலிருந்து கயாக்குக்கு மாறியதும் சட்டங்கள் தலைகீழாகின்றன. கயாக் என்பது வடதுருவத்து இனுவிட் மக்கள் தோலால் செய்து ஓட்டிய ஒற்றையாள் படகின் பிளாஸ்டிக் பேரன். மீன்பிடிக்க விற்கப்படுபவை சுமார் 10 முதல் 13 அடி நீளம். இந்தக் கரைக்கு அது முற்றிலும் அந்நியமில்லை. தெற்கே ராமநாதபுரம் மாவட்டக் காரங்காட்டில் வனத்துறையின் சூழல் சுற்றுலாவில் அலையாத்திக்குள் கயாக் ஓட்டலாம். அங்கே கையில் துடுப்பு போதும், தூண்டில் வேண்டாம்.

கயாக்கில் இருப்பவர் நிற்பதில்லை, உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, காலை நீட்டி, எழுந்திருக்க முடியாமல். மீன் இருக்கும் இடத்துக்குப் படகே போய்விடுவதால் தூரமாக வீச வேண்டியதில்லை. நீளத்தின் முதல் பயன் இங்கேயே அடிபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது நீளத்தின் தொல்லைகள்.

பெரிய தொல்லை, மீனைக் கைக்குக் கொண்டுவருவது. கரையில் நிற்பவர் மீன் நெருங்கியதும் பின்னால் நாலடி நடந்து அதை மணலுக்கு இழுத்துவிடுவார். கயாக்கில் பின்னால் நடப்பது ஒரு தடவைதான் சாத்தியம். உட்கார்ந்த இடத்திலேயே கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்த்து, மறுகையால் மீனை எட்டிப் பிடிக்க வேண்டும். நரம்பு கம்பின் நீள அளவுக்காவது வெளியே இருந்தால்தான் மீன் பக்கத்துக்கு வரும். 7 அடிக் கம்பில் இது நடக்கும். 10 அடிக் கம்பில் நுனி வானத்தைப் பார்க்க, மீன் மூன்றடி அப்பால் நின்று தன்னைப் பிடிக்கப் பாடுபடும் மனிதனைப் பார்க்கும். ஆத்திரத்தில் கம்பை இன்னும் பின்னால் சாய்த்தால் மொத்தப் பாரமும் மெல்லிய நுனியில் ஏறி அது முறியும். கயாக்கில் முறியும் கம்புகள் பெரும்பாலும் மீன் ஆழத்தில் இருக்கும்போது முறிவதில்லை; கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகே முறிகின்றன.

அதற்காக ஒரேயடியாகக் குறைத்துவிடவும் முடியாது. மீன் படகுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஓடும். அப்போது கம்பை முன்னால் நீட்டி, படகின் மூக்கைச் சுற்றி நரம்பை மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். இருக்கையிலிருந்து மூக்கு சுமார் ஐந்தாறு அடி தள்ளி இருக்கும். நீட்டிய கையும் கம்புமாகச் சேர்ந்து அதைத் தாண்ட வேண்டும். 5 அடிக் கம்பு தாண்டத் திணறும்; நரம்பு படகின் அடிவயிற்றில் உரசி அறுந்துபோகும். ஆகவே மேலெல்லையை மனிதனின் கையும் கீழெல்லையைப் படகின் மூக்கும் வகுத்துவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது ஆறரை முதல் ஏழரை அடி. நேர்க்கீழே இரையை இறக்கி ஏற்றிப் பிடிப்பவர்கள் மட்டும் 6 அடி வரை இறங்குகிறார்கள். அவர்களுக்கு வீச்சு என்பதே கிடையாது.

மொத்த நீளத்தைவிட அடிக்கட்டையின் நீளம் கயாக்கில் அதிகத் தொந்தரவு தரும். கரைக்கம்பின் ஒன்றரை அடி அடிக்கட்டை, உட்கார்ந்திருப்பவரின் லைஃப் ஜாக்கெட்டில் குத்தும், தொடையில் இடிக்கும், மீன் ஓடும் சரியான நொடியில் பை வாரில் மாட்டும். முழங்கை வரை வந்து நிற்கும் குட்டை அடிக்கட்டையே கயாக்குக்கு ஏற்றது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினால் நீண்ட அடிக்கட்டை வசதியாக இருக்கும் என்று யோசிப்பவர்கள் உண்டு. முழங்கால் கடல்தானே என்பார்கள். முழங்கால் கடல் கரையோரத்தில்தான். கயாக் வாங்குவது அதைத் தாண்டிப் போகத்தான்.

தாண்டிப் போவதற்கும் ஒரு அளவு உண்டு. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி விசைப்படகுகள் கரையிலிருந்து குறிப்பிட்ட கடல் மைல் தூரத்துக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். துடுப்புக்காரர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருப்பது சட்டத்துக்கும் உடம்புக்கும் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். துடுப்புப் படகைக் கட்டுப்படுத்தாது. பொழுதுபோக்குத் தூண்டில்காரரின் கடல்மீன் வரவு அந்த 61 நாளுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவாக இருப்பதால், மீன்வளம் இவரால் குறைந்ததாக யாரும் குற்றம் சாட்டியதில்லை. ஆடிக் காற்றில் கயாக் கிழக்கே தள்ளப்பட்டால், 1974-இல் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட எல்லைக்கோடு அந்தத் திசையில்தான் இருக்கிறது. அப்போது கைகொடுப்பது துடுப்பின் நீளம்.

கயாக்கின் உள்ளூர் உறவினர் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. பாக் விரிகுடாக் கரையில் தெர்மாகோல் பாளங்களை அடுக்கி, சாக்கில் சுற்றிக் கட்டிய தெப்பத்தில் ஒற்றை ஆளாகப் போய்த் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். கயாக் விளம்பரங்கள் அடுக்கும் சிறப்புகள் எல்லாம் அதற்கும் உண்டு: தண்ணீருக்கு மிக அருகில் இருக்கை, சத்தமின்மை, தலையில் தூக்கிப் போகும் எடை. அதில் போகிறவர் கையில் கம்பு இருக்காது. விரலில் சுற்றிய நரம்பு, அதன் நுனியில் முள், அவ்வளவுதான். கைத்தூண்டில். மீனுக்கு நேர் மேலே உட்கார்ந்துவிட்ட மனிதருக்குக் கம்பின் சரியான நீளம் பூஜ்யம் என்று அவர் தொழில் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மீன் இழுப்பது விரலுக்கே தெரிந்துவிடும். நெம்புகோல் பிரச்சினை எழுவதே இல்லை. மாலையில் விற்கும் அளவுக்கு மீன் வைத்திருப்பவர் அவர். பக்கத்தில் 7 அடிக் கார்பன் கம்போடு மிதக்கும் கயாக்காரர் போட்டோ எடுக்க ஒரு மீன் கேட்டால் கொடுப்பார். பிடித்த மாதிரி எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தருவார்.

ஒரே கம்பு வாங்கிக் கரைக்கும் கயாக்குக்கும் ஓட்ட நினைப்பவருக்கு விடை 7 அடி, அல்லது ஏழரை அடி. கண்மாயில் அது கொஞ்சம் குட்டை, அலையாத்தியில் கொஞ்சம் நீளம், கடற்கரையில் கேலிக்கு இடம், கயாக்கில் பொருத்தம். இரண்டு வாங்க வசதி இருப்பவர் கரைக்கு 9 அடியும் கயாக்குக்கு 7 அடியும் வாங்கலாம். போகும் நாளில் தவறானதை எடுத்துக்கொண்டு போவது தனிக்கலை.

துண்டுகளின் எண்ணிக்கை கடையில் பேசப்படுவதில்லை, பஸ்ஸில் பேசப்படும். ஒரே துண்டாக இருக்கும் 7 அடிக் கம்பு அறந்தாங்கியிலிருந்து மீமிசல் வரும் பஸ்ஸில் நிற்காது; படுக்கவும் படுக்காது. "தம்பி, அந்தக் கம்ப நேரா புடி, ஆள் கண்ணக் குத்திறப் போகுது" என்று கண்டக்டர் சொல்வார். நேராகப் பிடித்தால் கூரையைக் குத்தும். இரண்டாகக் கழன்று பொருந்தும் கம்பு மூன்றரை அடியாகிச் சீட்டுக்கு அடியில் போய்விடும். மடக்குத் தூண்டில் பைக்குள்ளேயே போகும். ஆனால் கணுக்கள் அதிகம், உப்பும் மணலும் ஏறினால் கணுக்கள் இறுகிக்கொள்ளும். 12 அடியாக நீட்டியதைச் சுருக்க முடியாமல் 12 அடியாகவே வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தவர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலை பார்த்திருக்கிறது.

அப்படி நடக்கும்போது மேலே பார்த்து நடப்பது அவசியம். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். நீளக் கம்பை நிமிர்த்திப் பிடித்து மின்கம்பிக்கு அடியில் போவதோ, இடி இடிக்கும்போது கரையில் நிற்பதோ உயிருக்கு ஆபத்து. இது வேடிக்கையில் சேராது. மின்னல் தெரிந்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டு விலகிப் போக வேண்டும். மாட்டியிருக்கும் மீன் அதுவாகவே போய்விடும்.

வீட்டில் மூங்கில் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு பக்கமாக வளைந்துபோகும். விட்டத்தில் படுக்கையாகக் கட்டித் தொங்கவிடுவதே முறை. கார்பன், ஃபைபர் கம்புகளை நல்ல தண்ணீரில் கழுவி, வளையங்களில் உப்பில்லாமல் துடைத்து வைக்க வேண்டும். தாழ்வாரத்தில் இரண்டு ஆணிக்கு நடுவே கிடைமட்டமாக வைக்கப்படும் 12 அடிக் கம்பில் மறுநாள் காலை ஈரத்துணி காய்வது வழக்கம். ஒரு சேலைக்கும் நாலு சட்டைக்கும் அது போதுமான நீளம்.